டென்வர் மலை டூர் ரிவியூ: சாப்பாடு சுமார், கைடு சுமார், டிரைவர் தங்கம்

ஜூன் ஸ்கூல் லீவுல அமெரிக்கா பேக்கேஜ் ஒண்ணு எடுத்து குடும்பத்தோட போய்ட்டு வந்தோம். நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் இருக்கிற ஏஜென்சிதான், பேர் போடல, போட்டா நாளைக்கே போன் அடிச்சு "அண்ணே, அந்த ரிவியூவ கொஞ்சம் எடுத்துடுங்களேன்"னு நிப்பாங்க. கோச் முழுக்க நம்ம ஆளுங்க, ஈஷூன், உட்லண்ட்ஸ், ஜூரோங், செங்காங்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் வந்திருந்தாங்க. வேகாஸ், கிராண்ட் கேன்யன் பத்தியெல்லாம் ஆளாளுக்கு எழுதி தீர்த்துட்டாங்க, அதனால நான் கொலராடோ மாநிலத்துல இருக்கிற டென்வர்லேர்ந்து ராக்கி மலைக்கு ஏறி இறங்குன அந்த ஒரு நாள் டூர் பத்தி மட்டும் எழுதுறேன். ஏன்னா பேக்கேஜ்ல அதுதான் எக்ஸ்ட்ரா காசு, ஆப்ஷனல்னு போட்டிருப்பான், எடுக்கலாமா வேணாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க.

எடுங்க. ஆனா வியூவுக்காக மட்டும் எடுக்காதீங்க, மலைலேர்ந்து கீழ இறங்குற அந்த ரோட்டுக்காக எடுங்க.

முதல்ல குறைய சொல்லி முடிச்சிடுறேன். மதிய சாப்பாடு டென்வர்லயே பேக் பண்ணி ஏத்திட்டாங்க, புளிசாதமும் உருளைக்கிழங்கும், மேல போய் பிரிக்கிறப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சு. வெஜிடேரியன் கேட்டவங்களுக்கும் அதே, கேக்காதவங்களுக்கும் அதே. கேட்டா "மலை மேல இந்தியன் சாப்பாடு கிடைக்காது சார்"ங்கறாரு டூர் லீடர் தம்பி, அது தெரிஞ்சதுதானப்பா, ஒரு பிளாஸ்க் ரசம் கொண்டு வந்திருக்கலாம்ல. டாய்லெட் ஸ்டாப் கம்மி, எங்க கூட வந்த ஒரு பாட்டி பாவம் ரொம்ப கஷ்டப்பட்டாங்க. டிப்ஸ் தனியா தரணும்னு புக்கிங் அப்ப யாரும் வாயத் தொறக்கல. லீடர் தம்பி நல்ல பையன், மரியாதையா பேசுறான், ஆனா மைக்க புடிச்சா இல்லாததையும் சேத்து அடிச்சு விடுறான். வழில ஒரு பெரிய டன்னல் வரும், அத தாண்டி இறங்குறப்ப ரோட்டுக்கு வலது பக்கம் மலை மேல ஏறுற மாதிரி ஒரு கல் பாதை வந்துச்சு, அத காமிச்சு "இது ஸ்கீ ரிசார்ட்டுக்கு போற பழைய ரோடு"ன்னு சொன்னான் பாருங்க, எனக்கு சிரிப்பு தாங்கல. நான் துவாஸ்ல ஹெவி வெஹிக்கிள் ஒர்க்ஷாப்ல வேலை பாக்குறவன், நாள் பூரா பிரேக் டிரம்மும் லைனிங்கும்தான். நேர்ல பாத்ததில்லன்னாலும் அது என்னன்னு தெரியும். பிரேக் போன லாரிய நிறுத்துறதுக்குன்னே கட்டுன பாதை அது, அங்க ரன்அவே டிரக் ராம்ப்னு போர்டே வச்சிருக்கான், ஒரு மைல் முன்னாடியே மஞ்சள் கலர்ல.

இங்கேர்ந்துதான் டூரே சூடு பிடிச்சுச்சு. ஏன்னா டிரைவர் அங்கிள், வெள்ளக்காரர், அறுபது வயசுக்கு மேல இருக்கும், கோச் ஓட்ட வர்றதுக்கு முன்னாடி பெரிய லாரி ஓட்டுனவராம். லீடர் சொன்னது அவருக்கு புரியல, ஆனா நான் போய் பக்கத்துல நின்னு ராம்ப் பத்தி கேட்டதும் மனுஷன் முகமே மாறிப்போச்சு. வண்டி ஓடுறப்ப நிக்கக்கூடாது, போய் உக்காருன்னு திட்டிட்டு, சில்வர்தோர்ன்ல பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துனப்ப கூப்பிட்டு வச்சு பேசுனாரு. நான் தமிழ்ல மத்தவங்களுக்கு சொல்ல, அவங்க கேள்வி கேக்க, அந்த ஸ்டாப் அரை மணி நேரம் தள்ளிப்போச்சு, யாரும் கவலப்படல.

இடத்த கொஞ்சம் சொல்லிடுறேன். டென்வரே கடல் மட்டத்துலேர்ந்து 1,600 மீட்டர். அங்கேர்ந்து ஐ-70 ஹைவேல மேற்கால ஏறிக்கிட்டே போனா ஐசனோவர் டன்னல் வரும், 2.7 கிலோமீட்டர் நீளம், ஒரு குழாய் 1973லயும் இன்னொண்ணு 1979லயும் தொறந்தாங்க. மேற்கு வாசல் 3,400 மீட்டர் உயரத்துல இருக்கு. நம்ம புக்கிட் தீமா குன்று 163 மீட்டர், அதுக்கே நமக்கு மூச்சு வாங்குது. டன்னல விட்டு வெளிய வந்த உடனே சில்வர்தோர்ன் வரைக்கும் ஒரே இறக்கம், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டருக்குள்ள 600 மீட்டருக்கு மேல கீழ இறங்கணும், சரிவு 7 சதவீதம் வரைக்கும் போகும். நூறு மீட்டர் போனா ஏழு மீட்டர் இறங்கும்னு அர்த்தம், கேக்க சின்ன நம்பர் மாதிரி இருக்கும். அங்க லாரி முழு லோடோட 36 டன் வரைக்கும் இருக்கலாம், அந்த எடையோட அத்தனை கிலோமீட்டர் விடாம இறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த இறக்கத்துலதான் ரெண்டு ராம்ப் இருக்கு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு.

நம்ம ஊர்ல ஓட்டுறவங்களுக்கு இது மண்டைல ஏறாது, ஏன்னா நமக்கு இறக்கம்னா ஃபிளைஓவரும் மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்கும்தான். பிரேக் என்ன பண்ணுதுன்னா ஓட்டத்த சூடா மாத்துது, அவ்ளோதான். அந்த சூடு காத்துல போய் சேர நேரம் வேணும். சக்கரத்தோட சேந்து சுத்துற இரும்பு வளையம்தான் டிரம், அதுக்கு உள்பக்கமா அழுத்தி நிறுத்துற பட்டைதான் லைனிங். நீள இறக்கத்துல காலை எடுக்காம பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி விரியும், விரிஞ்சா லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவுல கேப் கூடும், ஏர் பிரேக் சேம்பர்ல இருக்கிற ராடு தள்ள வேண்டிய தூரம் அதிகமாகும், ஒரு கட்டத்துல ராடு முழுசா வெளிய வந்தும் லைனிங் டிரம்ம சரியா அழுத்தாது. அதே சமயம் லைனிங்கும் சூட்டுல பிடிமானத்த இழந்துடும். டிரைவர் மிதிக்கிறாரு, பெடல் போகுது, காத்து பிரஷரும் இருக்கு, வண்டி மட்டும் நிக்காது. பிரேக் ஃபெயில்னு பேப்பர்ல போடுறப்ப ஏதோ பைப் அறுந்துடுச்சுன்னு நினைப்போம், மலைல நிறைய கேஸ்ல எதுவுமே அறுந்திருக்காது, எல்லாம் மாட்டுன இடத்துல அப்படியே இருக்கும், சூடு மட்டும்தான். அந்த கேப்ப சரியா வச்சிருக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர்ங்கற பாகத்த ஒழுங்கா செட் பண்ணாத வண்டின்னா இன்னும் சீக்கிரம். இத எங்க ஒர்க்ஷாப்ல புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லி சொல்லி வாய் வலிக்குது.

சரி ராம்புக்கு வர்றேன். பாக்கிறப்ப சும்மா மலைச்சரிவுல கல்லக் கொட்டி வச்ச மாதிரிதான் தெரியும், ஆனா அந்தக் கல்லுலதான் விஷயமே இருக்கு. உடைச்ச ஜல்லி கிடையாது, உருண்டையான கூழாங்கல், அரை இஞ்சு முக்கா இஞ்சு, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸ். தேக்கா மளிகைக் கடைல கொண்டக்கடலை மூட்டைக்குள்ள கைய விட்டிருக்கீங்களா, எந்த எதிர்ப்பும் இல்லாம முழங்கை வரைக்கும் உள்ள போகும், கடலை நழுவி வழி விடும், ஆனா கைய அப்படியே முன்னாடி தள்ளிப் பாருங்க, நகராது. டயருக்கும் அதேதான் நடக்குது. உடைச்ச கல்லுன்னா முனை முனையா ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், நாளாக நாளாக ரோடு மாதிரி இறுகிடும், லாரி அது மேல ஜாலியா ஓடிட்டுப் போயிடும். வேற வேற சைஸ் கலந்தாலும் அதே கதி, சின்னது பெரிசோட சந்துல போய் அடைச்சுக்கும்.

அந்தக் கல்லு எவ்ளோ இழுத்துப் பிடிக்கும்னு ரோடு இஞ்சினியருங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நல்ல கான்கிரீட் ரோட்டுல டயர் உருளுறதுக்கு வர்ற எதிர்ப்பு எடைல 1 சதவீதம். இந்த பட்டாணி சைஸ் கூழாங்கல்லுல 25 சதவீதம். அதாவது தரை மட்டமா இருந்தாலும் 25 சதவீத ஏத்தத்துல ஏறுற மாதிரி வண்டிய இழுத்துப் பிடிக்கும். மணல்ல 15தான், உடைச்ச ஜல்லில 5தான். கூழாங்கல் படுக்கைய 10 சதவீத ஏத்தமாவும் கட்டிட்டா ரெண்டும் சேந்து 35. மணிக்கு 130 கிலோமீட்டர்ல கட்டுப்பாடு இல்லாம வர்ற லாரி 190 மீட்டர் வாக்குல நின்னுடும். வண்டியோட எடை இந்தக் கணக்குல வரவே வராது பாத்துக்கங்க, எடை கூடக் கூட பிடியும் அதே அளவுக்கு கூடும், அதான் அழகு. பிரேக்கும் வேணாம் கியரும் வேணாம், ஸ்டியரிங்க நேரா பிடிச்சாப் போதும்.

பழைய காலத்துல கல்லு எதுவும் போடாம சும்மா செங்குத்தா மேல ஏறுற பாதை மட்டும் வெட்டி விடுவாங்களாம், வண்டி ஏறி ஏறி வேகம் குறைஞ்சு நிக்கும். நின்னதுக்கு அப்புறம்தான் கூத்து, பிரேக் இல்லாத வண்டியாச்சே, அப்படியே ரிவர்ஸ்ல உருண்டு வரும், டிரெய்லர் மடிஞ்சு கவுந்துடும். மணல் குவிச்சு வைக்கிற வகையும் உண்டு, அது சட்டுனு நிறுத்தும், டிரைவருக்கு அடி பலமா இருக்கும், மழை பெஞ்சா மணல் இறுகிடும். சட்டுனு நின்னா டிரைவருக்கு அடி படும்னுதான் கூழாங்கல் படுக்கைய கூட எடுத்த எடுப்புல ஆழமா போட மாட்டாங்க, வாசல்ல ஒரு ஜாண் கூட இருக்காது, போகப் போகத்தான் ஒரு மீட்டர் ஆழம் வரும். முன் சக்கரம் முதல்லயே ஒரு மீட்டர் குழிக்குள்ள விழுந்தா பின்னாடி இருக்கிற லோடு டிரைவர் கேபினுக்குள்ள வந்துடும்ல.

இன்னொரு வகை வலை. இடம் இல்லாத மலைல பாதைக்கு குறுக்க வரிசையா கம்பி வலை கட்டி, லாரி ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டு போய் நிக்கும். வயோமிங்ல டீட்டன் பாஸ்ல இருக்கு, கனெக்டிகட்ல ஏவன் மலை இறக்கத்துலயும் போட்டாங்க, அங்க 2005ல பிரேக் போன லாரி ஒண்ணு கீழ சிக்னல்ல நின்ன வண்டிங்க மேல ஏறி 4 பேர் செத்ததுக்கு அப்புறம்.

நாங்க இறங்குறப்ப கீழ் ராம்புல புதுசா ரெண்டு பள்ளம் விழுந்திருந்துச்சு, கோச் ஜன்னல்லேர்ந்தே நல்லா தெரிஞ்சுது, நேரா ஆரம்பிச்சு கொஞ்ச தூரத்துல ஆழமாகி, அப்புறம் ஒரு பெரிய குழப்பமா கல்லெல்லாம் ரெண்டு பக்கமும் அள்ளித் தெளிச்ச மாதிரி. அங்கதான் சக்கரம் அச்சு வரைக்கும் பொதைஞ்சு நின்னிருக்கணும். பக்கத்துலயே ஒட்டுனாப்ல ஒரு ஒத்தை ரோடு ஓடுது, அது இழுவை வண்டி போறதுக்கு. உள்ள போன லாரி தானா வெளிய வரவே முடியாது, அதனால அந்த ரோட்டோரமா கான்கிரீட்டுல கட்டை மாதிரி பொதைச்சு வச்சிருப்பாங்க, இழுவை வண்டி அதுல தன்னை கட்டிக்கிட்டு வின்ச்சு போட்டு இழுக்கும். எடுத்ததுக்கு அப்புறம் கல்லத் திரும்ப சமப்படுத்தணும், விட்டா அடுத்த வண்டி அந்தப் பள்ளத்துல மாட்டி திசை மாறிடும். குளிர்காலத்துல இன்னொரு தலைவலி, கல்லுக்கு அடில தண்ணி தேங்குனா உறைஞ்சு பாறையாகிடும், அதனால கீழ வடிகால் சுத்தமா இருக்கணும். உருண்டைக் கல்லுக்கு அதுலயும் ஒரு லாபம், இடைல சந்து இருக்கறதால தண்ணி நிக்காம ஓடிடும்.

செங்காங் ஆன்ட்டி ஒருத்தங்க கேட்டாங்க, அங்க இறங்கி ஒரு போட்டோ எடுக்கலாமான்னு. டிரைவர் அங்கிள் அவங்கள பாத்த பார்வைல ஆன்ட்டி அப்படியே அடங்கிட்டாங்க. அங்க வண்டி நிறுத்தவே கூடாது, ஒரு நிமிஷம் கூட, மேலேர்ந்து வர்றவனுக்கு ஹாரன தவிர வேற எதுவும் வேலை செய்யாது.

பெட்ரோல் ஸ்டேஷன்ல நாங்க பேசிக்கிட்டு இருக்கிறப்பவே ஒரு லாரி வந்து ஓரமா நின்னுச்சு, டிரெய்லர் சக்கரத்துலேர்ந்து லேசா புகை. அந்த வாசனை எனக்கு தூக்கத்துல கூட தெரியும், லைனிங் கருகுற வாசனை, தொண்டைல போய் ஒட்டிக்கும். டிரைவர் சின்னப் பையன், சீக்கியப் பையன் மாதிரி இருந்தான், இறங்கி சக்கரத்த சுத்தி சுத்தி வந்தான், கிட்ட போய் கைய நீட்டிட்டு சட்டுனு எடுத்துக்கிட்டான். எங்க அங்கிள் போய் ஏதோ சொல்லிட்டு வந்தாரு. என்ன சொன்னீங்கன்னு கேட்டேன், ஆறுறவரைக்கும் தண்ணி கிண்ணி ஊத்தாத, ஹேண்ட்பிரேக்கும் போடாத, சக்கரத்துக்கு கட்டை வையின்னு சொன்னாராம். சூடா இருக்கிற டிரம்ல தண்ணி பட்டா விரிசல் விடும், பார்க்கிங் பிரேக் போட்டா ஆறுறப்ப சுருங்கி லைனிங்க கவ்விக்கும். சரியான ஆளுதான்யா.

அவ்ளோ நல்ல ஏற்பாடு இருக்கே, அப்புறம் ஏன் எல்லாரும் அதுல போறதில்லன்னு எங்க குரூப்ல ஒருத்தர் கேட்டாரு. டிரைவர் அங்கிள் சொன்னது, பயம். உள்ள போனா வண்டி அடி வாங்கும், இழுவைக்கு பெரிய பில் வரும், கம்பெனி வேலைய விட்டு தூக்கிடுவானோன்னு ஒரு பயம், இன்னும் கொஞ்சம் சமாளிச்சுடலாம்னு ஒரு நப்பாசை. திரும்பி வர்ற வழில, டென்வருக்கு கொஞ்சம் முன்னாடி இன்னொரு இறக்கம் இருக்கு, மவுண்ட் வெர்னன் கேன்யன். மலை முடிஞ்சுடுச்சு, ஊர் தெரியுதுன்னு டிரைவருங்க அங்க ஏமாந்துடுவாங்களாம், அதனால மஞ்சள் போர்டு வச்சு "லாரி டிரைவர்களே ஏமாந்துடாதீங்க, இன்னும் 4 மைல் செங்குத்து இறக்கமும் வளைவும் இருக்கு"ங்கற அர்த்தத்துல எழுதி வச்சிருக்கான், அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, இன்னும் நீ கீழ வந்து சேரலன்னு. அந்த ரோட்டுலதான் 2019 ஏப்ரல் 25 அன்னிக்கு மரம் ஏத்துன லாரி ஒண்ணு பிரேக் இல்லாம வந்து, ராம்ப தாண்டிப் போய், லேக்வுட் கிட்ட டிராஃபிக்ல நின்ன வண்டிங்க மேல ஏறிடுச்சு. 28 வண்டி, 4 பேர் சாவு. ஓட்டுன பையனுக்கு 23 வயசு. 2021 டிசம்பர்ல 110 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு, லட்சக்கணக்குல ஜனங்க மனு போட்டு, அந்த மாசக் கடைசிலயே கவர்னர் 10 வருஷமா குறைச்சாரு. கோர்ட்டுல முக்கியமா பேசுன விஷயம் என்னன்னா, ராம்ப் இருந்துச்சு, ஏன் போகல. கோச்சே அமைதியாகிடுச்சு அத கேட்டதும், பின்னாடி பாட்டு போட்டுக்கிட்டு இருந்த பசங்க கூட நிறுத்திட்டாங்க.

இப்ப டூருக்கு மார்க் போடுற விஷயத்துக்கு வர்றேன். மலை டூருக்கு வியூ, ஹோட்டல், சாப்பாட்டுக்கு மார்க் போடுறோம், டிரைவர் எப்படி கீழ இறக்கினாருங்கறதுக்கு யாரும் போடுறதில்ல. நான் அதுக்குத்தான் போடுவேன். இவரு டன்னல் வாசல்லயே, இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே கியர குறைச்சுட்டாரு, கால் பிரேக்க தொடாமலே வேகத்த குறைக்கிற ரிடார்டர் போட்டாரு, கோச் கனத்த குரல்ல முனகிக்கிட்டே ஒரே ஸ்பீடுல இறங்குச்சு. நம்ம எஸ்பிஎஸ், எஸ்எம்ஆர்டி பஸ்லயும் ரிடார்டர் இருக்கு, ஸ்டாப் வர்றப்ப கேக்குமே அந்த உறுமல், அதேதான். கால் பிரேக்க எப்பவாவதுதான் தொட்டாரு, தொட்டா நல்லா அழுத்தி மணிக்கு எட்டு கிலோமீட்டர் வாக்குல குறைச்சுட்டு முழுசா விட்டுடுவாரு, டிரம் ஆறட்டும்னு. பின்னாடி காரெல்லாம் ஹாரன் அடிச்சான், அசையல மனுஷன். இறக்கத்துல போய் கியர் குறைக்கலாம்னு நினைச்சா முடியாது, வேகம் ஏறுனதுக்கு அப்புறம் கீழ் கியர் விழாது, நியூட்ரல்ல மாட்டிக்கிட்டா கதை முடிஞ்சுது. தமிழ்நாட்டுல தொப்பூர் கணவாய்ல டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல இறக்கி எத்தனை விபத்து, ஊர்ல நியூஸ் பாக்குறவங்களுக்கு தெரியும். நாமளும் லீவு வந்தா கெந்திங்குக்கு கோச் ஏறிடுறோம், 2013 ஆகஸ்ட்ல அந்த மலை இறக்கத்துல பஸ் பள்ளத்துல விழுந்து 37 பேர் போனாங்க. அதனால இனிமே எந்த மலைக்குப் போனாலும் இறங்குறப்ப இஞ்சின் சத்தம் வருதா, கருகுற வாசனை வருதான்னு ஒரு காதும் மூக்கும் அதுலயே வைங்க, வாசனை வந்தா கூச்சப்படாம டிரைவர்கிட்ட சொல்லுங்க.

மார்க்: டிரைவருக்கு அஞ்சுக்கு அஞ்சு. கோச் நல்ல கண்டிஷன், நான் ஒரு ஸ்டாப்ல குனிஞ்சு டயர் பாத்தேன், எல்லாம் நல்ல திக்கா இருந்துச்சு, என் வீட்டம்மா மானம் போகுதுன்னு இழுத்துட்டுப் போனாங்க. லீடர் தம்பிக்கு மூணு, பாசம் இருக்கு, விஷயம் பத்தல. சாப்பாட்டுக்கு ஒண்ணு, அதுவும் ஊறுகாய்க்காக. ஏஜென்சிக்கு ரெண்டரை, டிப்ஸ் விஷயத்த மறைச்சதுக்கு.

போறவங்களுக்கு சில விஷயம். அங்க கோச் ரோட்டோட வலது பக்கம் ஓடும், ராம்பும் வலது பக்கம்தான், அதனால போறப்ப கதவு இருக்கிற பக்கத்து சீட்டா பாத்துப் பிடிங்க, டன்னல் முடிஞ்சதும் போன வச்சிட்டு வெளிய பாருங்க, கண் மூடி திறக்கிறதுக்குள்ள ரெண்டும் போயிடும். உயரத்துல தலை வலிக்கும், தண்ணி நிறைய குடிங்க, ஆனா மேல சொன்ன டாய்லெட் பிரச்சினையையும் ஞாபகத்துல வச்சுக்கங்க. பிரஷர், ஹார்ட் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க. ஜூன்லயும் மேல ஜாக்கெட் இல்லாம நிக்க முடியாது. சாப்பாட்டுக்கு நீங்களே பிரெட்டோ முறுக்கோ எடுத்துட்டுப் போயிடுங்க, அந்தப் புளிசாதத்த நம்பாதீங்க. புக் பண்றப்ப ஏஜென்சிகிட்ட மலை நாளுக்கு வர்ற டிரைவர் அந்த ரூட்ல ஓட்டிப் பழகுனவரான்னு கேளுங்க. எனக்கு முன்னாடி யாரும் கேட்டதில்லன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொன்னுச்சு, நாலு பேர் கேட்டா அவங்களும் விசாரிச்சு வைப்பாங்க.